ஃபிஃப்த் வீலா, பம்பர் புல்லா? முதலில் உங்கள் பிக்கப்பின் கதவைத் திறந்து பாருங்கள்

அமெரிக்காவில் வீட்டு வசதியோடு வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் முதல் டிரெய்லரை வாங்கப் போகிறவர்கள் படுக்கை எத்தனை, சமையல் மேடை எவ்வளவு பெரியது என்று எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் “என் வண்டி இதை இழுக்குமா?” என்று கேட்கிறார்கள். விற்பவரும் “தாராளமா இழுக்கும்” என்று சொல்லிவிடுவார். இழுக்கும்தான். ஆனால் இழுப்பது வேறு, சுமப்பது வேறு. ஃபிஃப்த் வீல், பம்பர் புல் என்ற இரண்டு வகை டிரெய்லருக்கும் உள்ள முக்கியமான வித்தியாசமே அந்தச் சுமையில்தான் இருக்கிறது.

பம்பர் புல் என்று பெயர் இருந்தாலும் அதைப் பம்பரில் மாட்டுவதில்லை. வண்டியின் சட்டத்தோடு சேர்ந்த ரிசீவர் என்ற குழாயில் ஒரு உருண்டையைப் பொருத்தி, அதில் மாட்டுகிறோம். ஃபிஃப்த் வீலில் டிரெய்லரின் மூக்கு பிக்கப்பின் பெட்டுக்கு (பின்னால் உள்ள திறந்த சரக்குப் பெட்டிக்கு) மேலே ஏறி வரும். அதன் அடியில் உள்ள கிங்பின் என்ற தடித்த முளை, பின் அச்சுக்கு நேர் மேலே இருக்கும் ஹிட்ச் என்ற இணைப்பின் தாடைக்குள் உட்காரும். எஸ்யூவி வைத்திருப்பவர்களும், பெட்டுக்குக் கழற்ற முடியாத மூடி போட்டிருப்பவர்களும் இந்தக் கேள்வியை இங்கேயே விட்டுவிடலாம். உங்களுக்குப் பம்பர் புல்தான்.

படி 1: ஸ்டிக்கரில் உள்ள எண்

ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் டயர் அளவு அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் பொருட்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் ஒரு வரி உண்டு. அதுதான் உங்கள் வண்டியின் பேலோட். அந்த எண் உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு வண்டிக்கே உரியது. சன்ரூஃப், பெரிய சக்கரம், தோல் இருக்கை என்று வசதி கூடக் கூட அந்த எண் குறையும். அதனால் இணையத்தில் மாடல் பெயரைப் போட்டுத் தேடி எடுத்த எண்ணை நம்ப வேண்டாம்.

விளம்பரத்தில் பெரிதாகப் போடும் இழுவைத் திறனை ஒதுக்கி வையுங்கள். எஸ்ஏஇ என்ற பொறியாளர் சங்கத்தின் ஜே2807 தர நெறிப்படி அதைக் கணக்கிடும்போது, வண்டியில் ஆளுக்கு 150 பவுண்டு வீதம் இரண்டு பேர் மட்டும் இருப்பதாகவும், உருண்டை மீது டிரெய்லர் எடையில் 10 சதவீதம் மட்டுமே இறங்குவதாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளும் ஐஸ் பெட்டியும் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

படி 2: கழித்துப் பாருங்கள்

ஒரு அரை டன் பிக்கப், அதாவது எஃப்-150 அல்லது ராம் 1500 போன்ற ஒன்று, 1,650 பவுண்டு ஸ்டிக்கரோடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓட்டுநரையும் சேர்த்து நான்கு பேர் 480. பெட்டில் கருவிகள், விறகு, ஐஸ் பெட்டி 150. எடை பகிரும் ஹிட்ச் (அது என்ன என்று படி 3-ல் பார்ப்போம்) 90. மீதி 930.

பம்பர் புல் டிரெய்லர், நிரப்பிய எடையில் 10 முதல் 15 சதவீதத்தை உருண்டை மேல் இறக்கும். 13 என்று வைத்துக்கொள்ளுங்கள். 930-ஐ 0.13-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 7,150. ஆகவே சாமானோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடை 7,000 பவுண்டுக்குள் இருக்கும் டிரெய்லர்களை மட்டும் பாருங்கள். குடும்பத்துக்குப் போதுமான டிரெய்லர் அதற்குள்ளேயே கிடைக்கும்.

இதே வண்டிக்கு ஃபிஃப்த் வீல் என்றால் ஹிட்ச் மட்டுமே சுமார் 150 பவுண்டு. மீதி 870. கிங்பின்னில் இறங்குவது 15 முதல் 25 சதவீதம். 20 என்று வைத்தால் 4,350 பவுண்டு டிரெய்லர்தான் தாங்கும். அந்த எடையில் ஃபிஃப்த் வீல் கிடைப்பது மிக அரிது. மினசோட்டாவில் செய்யும் ஸ்கேம்ப் 19 அடி போன்ற சிறிய ஃபைபர்கிளாஸ் வண்டிகள் உண்டு, அவ்வளவுதான். “அரை டன்னுக்கு ஏற்ற ஃபிஃப்த் வீல்” என்று ஒட்டி விற்பவற்றில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில் நிற்காது.

பட்டியலில் போடும் வெற்று எடையை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அதில் தண்ணீர் இல்லை, சாமான் இல்லை. ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 50 காலன் தொட்டி நிறைந்தால் 415-க்கு மேல் ஏறிவிடும். 30 பவுண்டு கேஸ் சிலிண்டர் இரண்டும் நிறைந்திருந்தால் 110 பவுண்டு, அதுவும் பம்பர் புல்லில் நேராக முன் நாக்கின் (உருண்டையில் மாட்டும் முன் நீட்டத்தின்) மேலேயே உட்காரும். எப்போதும் அதிகபட்ச எடையை வைத்தே கணக்குப் போடுங்கள்.

டீசல் என்றால் அதிகம் சுமக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். முக்கால் டன் பிக்கப்கள் (எஃப்-250, ராம் 2500 போன்றவை) பலவற்றில் வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை வரம்பை 10,000 பவுண்டை ஒட்டியே வைத்திருப்பது வழக்கம். டீசல் இன்ஜின் கனமானது, அந்தக் கனம் உங்கள் பேலோடிலிருந்துதான் கழியும். எல்லா வசதியும் உள்ள முக்கால் டன் டீசலைவிட, சாதாரண பெட்ரோல் முக்கால் டன் பல சமயம் கூடுதலாகச் சுமக்கும். 12,000 பவுண்டு ஃபிஃப்த் வீலுக்குக் கிங்பின் 2,400, ஹிட்ச் 150, ஆட்களும் சாமானும் 600 என்று 3,150 ஆகிவிடும். அதற்கு ஒரு டன் வண்டியைப் பார்ப்பதே சரி.

படி 3: எடை எங்கே இறங்குகிறது

பலர் சறுக்குவது இங்கேதான். பம்பர் புல்லின் உருண்டை, பின் அச்சுக்கு ஐந்து அடி பின்னால் தொங்குகிறது. நெம்புகோல் மாதிரி அது பின் அச்சை அழுத்தி, முன் அச்சைத் தூக்கும். 145 அங்குல அச்சு இடைவெளி உள்ள வண்டியில் உருண்டை மேல் 900 பவுண்டு வைத்தால், பின் அச்சில் ஏறுவது ஏறக்குறைய 1,270. முன் அச்சிலிருந்து 370 குறையும். ஸ்டியரிங் லேசாவதும், இரவில் எதிரே வருபவர் கண்ணில் நம் விளக்கு அடிப்பதும் இதனால்தான். எடை பகிரும் ஹிட்சின் ஸ்பிரிங் கம்பிகள் அந்த எடையில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும், இன்னொரு பகுதியை டிரெய்லர் அச்சுக்கும் திருப்பி அனுப்பும். ரிசீவரில் உள்ள ஸ்டிக்கரில் இரண்டு வரம்புகள் இருக்கும்: இந்தக் கம்பிகள் இல்லாமல் ஒன்று, கம்பிகளோடு ஒன்று. இரண்டையும் படியுங்கள்.

ஃபிஃப்த் வீலில் இந்த நெம்புகோல் இல்லை. 2,400 பவுண்டு கிங்பின் எடை ஏறக்குறைய அப்படியே பின் அச்சில் இறங்கும், முன் அச்சு அசையாது. பக்கவாட்டுக் காற்றிலும் பெரிய லாரி கடக்கும்போதும் டிரெய்லர் வாலாட்டாததற்குக் காரணம் இதுதான். நெடுஞ்சாலையில் நிம்மதி வேண்டும், மாதக்கணக்கில் அதிலேயே வாழப்போகிறோம், ஒரு டன் பிக்கப்புக்குச் செலவழிக்கவும் தயார் என்றால், தயங்காமல் ஃபிஃப்த் வீலுக்குப் போங்கள். வருடத்துக்கு நாலைந்து வார இறுதிப் பயணம்தான் என்றால் பம்பர் புல் போதும்.

பம்பர் புல் ஆட ஆரம்பித்தால் வண்டியின் பிரேக்கை அழுத்தாதீர்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஓட்டுநர் பக்கத்தில் பொருத்திய பிரேக் கன்ட்ரோலரின் கை நெம்பை மெல்ல அழுத்தி டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். அது பின்னாலிருந்து இழுத்து நேராக்கும். நேரக் கணக்கில் இயங்கும் மலிவான கன்ட்ரோலர் வேண்டாம். வண்டி வேகம் குறைவதை உணர்ந்து அதற்கேற்பப் பிடிக்கும் வகையை வாங்குங்கள்.

படி 4: எடை மேடையில் சரிபாருங்கள்

லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் (CAT) ஸ்கேல் என்ற எடை மேடை, முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூன்றையும் தனித்தனியாகக் காட்டும். மூன்று முறை ஏறுங்கள்: கம்பிகளோடு ஒருமுறை, கம்பிகளைக் கழற்றி ஒருமுறை, டிரெய்லரை விட்டுவிட்டு ஒருமுறை. உதாரணத்துக்கு, வெறும் பிக்கப் முன் 3,300, பின் 2,900. டிரெய்லர் மாட்டி, கம்பிகள் இல்லாமல் 2,930, 4,170. கூட்டி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 900, அதுதான் நாக்கு எடை. கம்பிகளோடு 3,150, 3,850. பின் அச்சின் வரம்பு 4,050 என்றால், கம்பிகள் இல்லாமல் நீங்கள் வரம்பை மீறியிருக்கிறீர்கள். ஃபிஃப்த் வீலுக்கு இரண்டு எடை போதும்.

படி 5: ஃபிஃப்த் வீல் மாட்டும்போது

முதலில் பின்கதவை இறக்குங்கள். டிரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். டிரெய்லரின் அடித்தகடு ஹிட்ச் தகட்டைவிட அரை அங்குலம் தாழ்வாக இருக்க வேண்டும், அப்போதுதான் உரசிக்கொண்டு ஏறி உட்காரும். உயரமாக இருந்தால் கிங்பின்னின் அகன்ற அடிப்பகுதி தாடையின் மேலே உட்கார்ந்துவிடும். ஹிட்சின் கைப்பிடி மூடியது போலவே தெரியும். புறப்பட்டதும் நழுவி, டிரெய்லரின் மூக்கு பெட்டின் இரு விளிம்புகள் மேல் விழும். டார்ச் அடித்து இரண்டு தகடுகளுக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள், தெரியக் கூடாது. பிறகு டிரெய்லரின் கால்கள் தரையிலிருந்து அரை அங்குலம் மட்டும் எழும்பியிருக்க, டிரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை மெல்ல முன்னால் இழுத்துப் பாருங்கள். கழன்றால் அரை அங்குலம்தான் இறங்கும்.

இன்னும் இரண்டு குறிப்புகள்

குட்டை பெட் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். டிரெய்லர் அகலம் 102 அங்குலம் என்றால் பாதி 51. கிங்பின்னிலிருந்து கேபின் பின்சுவர் வரை அதைவிடக் குறைவாக இருந்தால், 90 டிகிரி திரும்பும்போது டிரெய்லர் பின் கண்ணாடியை உடைக்கும். பாதித் திருப்பத்தில் மூலை இன்னும் தள்ளி வரும் என்பதால் 51 என்பதும் குறைந்தபட்சம்தான். குட்டை பெட் என்றால், திரும்பும்போது பின்னால் நகரும் ஹிட்சையே வாங்குங்கள், தானாக நகரும் வகையானால் இன்னும் நல்லது.

அடுத்தது உயரம். பம்பர் புல் 11 அடி சுமார், ஃபிஃப்த் வீல் 13 அடியைத் தொடும். வட கரோலினாவின் டர்ஹாமில் 11 அடி 8 அங்குலப் பாலம் ஒன்று பல வண்டிகளின் கூரையை உரித்திருக்கிறது. 2019-ல் அதை 12 அடி 4 அங்குலமாக உயர்த்தினார்கள். ஃபிஃப்த் வீல் பலவற்றுக்கு இன்னமும் போதாது. ஏசி மேல்மூடி வரை நாடா பிடித்து அளந்து, அந்த எண்ணை எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் லைசன்ஸையும் பாருங்கள்: 10,000 பவுண்டுக்கு மேல் பம்பர் புல், 15,000-க்கு மேல் ஃபிஃப்த் வீல் என்றால் வணிகம் சாராத ஏ வகுப்பு உரிமம் வேண்டும்.