பழைய டபுள் ரீடு ஆர்மோனியப் பெட்டி விலைக்கு வந்தால்: கடலோரத்துக்காரர்கள் பார்த்து வாங்கும் முறை

கையில் இருப்பது கற்றுக்கொள்ள வாங்கிய சிங்கிள் ரீடு பெட்டி, மூன்று ஸ்தாயி, 37 கட்டை. (ரீடு என்பது காற்றில் அதிர்ந்து குரல் தரும் பித்தளை நாக்கு. சிங்கிளில் ஒரு கட்டைக்கு ஒன்று, டபுளில் இரண்டு.) இப்போது ஒரு டபுள் ரீடு பெட்டி, 42 கட்டை, கப்ளரோடு (ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு ஸ்தாயி தள்ளியிருக்கும் அதே சுரத்தையும் சேர்த்து ஒலிக்கவைக்கும் கம்பி அமைப்பு) விலைக்கு வருகிறது. விற்பவர் தேவாலயப் பாடகர் குழுவாக இருக்கலாம், பஜனை மடமாக இருக்கலாம், மேடையை விட்ட நாடகப் பின்பாட்டுக்காரராக இருக்கலாம். வாங்கலாமா என்ற கேள்விக்குப் பாதி பதில் உங்கள் பழைய பெட்டியிடமே இருக்கிறது.

அதில் என்ன குறை என்று ஒரு வாரம் கவனித்து எழுதிவையுங்கள். சுருதி விலகியிருக்கிறது, இரண்டு கட்டை ஒட்டிக்கொள்கிறது, காற்று சீக்கிரம் தீர்கிறது என்பவையெல்லாம் பழுதுகள். சரிசெய்தால் போய்விடும், இதற்காகப் பெட்டி மாற்ற வேண்டியதில்லை. கூட்டத்தில் வாசித்தால் குரல் எடுபடவில்லை, பாடுபவர் 5 கட்டையில் நின்று மந்திர ஸ்தாயிக்கு (கீழ் ஸ்தாயி) இறங்கும்போது இடப்பக்கம் கட்டை தீர்ந்துபோகிறது என்பவைதான் பெட்டியின் எல்லை. இவை இருந்தால் மட்டும் அடுத்த பெட்டியைப் பார்க்கக் கிளம்புங்கள். (அழுத்தும் பலகைக்கும் கட்டை என்று பெயர், சுருதிக்கும் கட்டை என்று பெயர். இந்தத் தொழிலில் அந்தக் குழப்பத்தோடுதான் வாழ வேண்டும். 1 கட்டை சி, 5 கட்டை ஜி, 6 கட்டை ஏ.)

எங்கிருந்து வந்த பெட்டி

நம் கரையில் விலைக்கு வரும் பெட்டிகள் பெரும்பாலும் இரண்டு வகை. கீபோர்டு வந்ததும் தேவாலயத்துச் சாமான் அறைக்குப் போய்விட்ட பெட்டி ஒன்று. ரீடு அதிகம் தேய்ந்திருக்காது. ஆனால் ஆண்டுக்கணக்கில் காற்றே ஓடாமல் கிடந்ததால் தோல் விறைத்திருக்கும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், துருத்தி மடிப்பில் பூஞ்சை இருக்கும். இன்னொன்று ராத்திரி முழுக்க நாடகம் வாசித்த பெட்டி. துருத்தியில் ஒட்டுப்போட்டிருப்பார்கள், ரீடைப் பலமுறை சுரண்டியிருப்பார்கள். ஆனாலும் அதற்குப் பிழைப்பு நடத்திய கை ஒன்று இருந்திருக்கிறது. பழுதைத் தள்ளிப்போட்டிருக்க முடியாது. இரண்டும் ஒரே விலை என்றால் நாடகப் பெட்டியை முதலில் திறந்து பார்ப்பது நல்லது. சும்மா கிடந்த பெட்டிக்குப் பளபளப்பு அதிகம், ஆனால் செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்பது வீட்டுக்கு வந்த பிறகே தெரியும்.

மூன்றாவது, மதுரை, காரைக்குடிப் பக்கம் உள்நாட்டில் இருந்து வருவது. ரீடும் திருகும் சுத்தமாக இருக்கும். காய்ந்த காற்றில் பழகிய மரம் கடலோரம் வந்ததும் ஈரம் குடித்து உப்பும். வந்த அன்றே சுருதி சேர்க்கக் கொடுக்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் வீட்டில் வைத்து, தினம் சிறிது வாசித்து, மரம் அடங்கிய பிறகு கொடுங்கள். முன்கூட்டியே சேர்த்தால் அந்தக் கூலி வீண்.

பார்க்கப் போகும் காலமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பார்த்தால் ஒட்டும் கட்டைகளும் தானாகக் கத்தும் கட்டைகளும் ஒளியாமல் தெரியும். கச்சான் காற்று அடிக்கும் கோடையில் பார்த்தால் மரப்பலகையின் விரிசல் தெரியும், ஒட்டல் தெரியாது. கோடையில் வாங்குகிறீர்கள் என்றால், கட்டைகளின் இடைவெளியில் உரசிய தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் அந்தப் பெட்டி என்ன செய்யும் என்பதை அந்தத் தடம் சொல்லிவிடும்.

முதல் சோதனை காற்று

எடுத்துப்போக வேண்டியவை: போனில் ஒரு ட்யூனர் ஆப், டார்ச், சிறு முகக்கண்ணாடி, ஒரு துண்டு மெல்லிய காகிதம், பென்சில், தாள். பாட்டு எதுவும் வாசிக்க வேண்டாம். விற்பவர் வாசித்துக் காட்டினால் கேட்டுவிட்டு, பெட்டியை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். கை பழகியவர் பழுதான கட்டையைத் தொடாமலே ஒரு மணி நேரம் வாசிப்பார்.

எல்லா ஸ்டாப்பரையும் (ரீடுக்குப் போகும் காற்றுவழியைத் திறந்து மூடும் முகப்புக் குமிழ்கள்) உள்ளே தள்ளி மூடுங்கள். எந்தக் கட்டையையும் தொடாமல் வெளித் துருத்தியை நிதானமாக அடியுங்கள். ஏழெட்டு அடியில் கை இறுக வேண்டும். இறுகாமல் தொளதொள என்று போனால் துருத்தியிலேயே ஓட்டை. இறுகுகிறது என்றால், இப்போது முதன்மை ஸ்டாப்பர்களைத் திறந்து அதையே செய்யுங்கள். மூடியபோது இறுகி, திறந்தபோது தளர்ந்தால் துருத்தி நல்லது. ரீடு அறையில் கசிவு. கட்டைக்கு அடியில் துளையை மூடும் தோல் பதித்த மூடிகள் சரியாக உட்காரவில்லை, அல்லது அறையைச் சுற்றிய தோல் பட்டை போய்விட்டது. இந்த ஒரு வித்தியாசத்தைக் கண்டுபிடித்தால் ரிப்பேர்காரரிடம் பாதி வேலை முடிந்த மாதிரி.

பிறகு நிரப்புங்கள், துருத்தியை விடுங்கள், மனதுக்குள் 10 எண்ணுங்கள், நடு ஸ்தாயியில் ஒரு கட்டையை அழுத்துங்கள். அப்போதும் குரல் வர வேண்டும். அடுத்து நிரப்பி, ஒரே வரிசை ரீடு மட்டும் திறந்து, நடு சட்ஜத்தை அழுத்திப் பிடியுங்கள். 8 விநாடிக்குக் குறைந்து அடங்கினால் அது பாட்டுக்கு நிற்காது. டபுள் ரீடும் கப்ளரும் சேர்ந்தால் ஒரு கட்டைக்கு நான்கு நாக்குகள் காற்று குடிக்கும். கசியும் டபுள் ரீடு பெட்டியை விடக் காற்று நிற்கும் சிங்கிள் ரீடு பெட்டி உரக்கப் பேசும். மேம்படுத்துகிறோம் என்று வாங்கிப் பின்னுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

ஒவ்வொரு அடிக்கும் துருத்தி கையைப் பின்னால் இழுக்கிறதா, அடித்த காற்று திரும்பி வருகிறதா? உள்ளே போன காற்றைத் திரும்பவிடாத தோல் மடல் சுருண்டிருக்கிறது. சின்ன வேலை, பயப்பட வேண்டாம்.

துருத்தியின் மூலைகளை ஈரப்படுத்திய புறங்கையால் தடவுங்கள். காற்று பட்டால் குளிரும். காகிதத் துண்டைப் பிடித்தால் அசையும். மூலையில் தோல் புதிதாக மாற்றியிருந்தால் நல்ல அறிகுறி. ஃபெவி குவிக், எம்-சீல் பூசி விறைத்திருந்தால் அடுத்த மடிப்பில் கிழியும். பழைய பெட்டிகளை வச்சிரம் போட்டு ஒட்டியிருப்பார்கள் (மீன் வஞ்சிரம் அல்ல, மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை). நல்ல பசைதான், ஆனால் ஈரத்தில் இளகும். நம் ஊர்ப் பெட்டியில் மூட்டு விடுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

கட்டை கட்டையாக

இப்போது தாளில் 42 கட்டம் போடுங்கள். டபுள் ரீடு பெட்டியில் பேஸ் வரிசை, மேல் வரிசை என்று இரண்டு. இந்த ‘மேல்’ உயரத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொல் அல்ல, ஆண்குரல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். பேஸ் வரிசை அதற்கு ஒரு ஸ்தாயி கீழே. ஸ்டாப்பரைக் கொண்டு ஒரு வரிசையை மட்டும் திறந்து, இடக்கோடியிலிருந்து ஒவ்வொன்றாக அழுத்துங்கள். பிறகு அடுத்த வரிசை.

குரலே வராவிட்டால் பெரும்பாலும் நாக்குக்கும் தகட்டுக்கும் நடுவே தூசி. தாமதமாகப் பேசினால் நாக்கின் உயரம் மாறியிருக்கிறது. கடைசி பேஸ் ரீடுகள் கொஞ்சம் தாமதிப்பது இயல்பு, அதைக் குறையென்று எழுத வேண்டாம். கரகரத்தால் நாக்கு பக்கவாட்டில் உரசுகிறது, அல்லது ரிவெட் தளர்ந்திருக்கிறது. அழுத்தாமலே கத்தினால் ஸ்பிரிங் துருப்பிடித்துத் தளர்ந்திருக்கலாம், கட்டை உப்பியிருக்கலாம், மூடித் தோலுக்கு அடியில் குப்பை இருக்கலாம். இவை எல்லாமே சரிசெய்யக்கூடியவை.

இரண்டு மட்டும் விலையைப் புரட்டிப்போடும். ஒன்று, ஒரு ரீடு மட்டும் பக்கத்துக் கட்டையை விடக் கால் சுரம் கீழே தொங்குவது. நாக்கில் மயிரிழை வெடிப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சேர்த்தாலும் சில நாளில் மறுபடி இறங்கும், கடைசியில் ஒடியும். ரீடை மாற்றத்தான் வேண்டும். ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை, ஆறேழு என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்று, ஒரு கட்டையை அழுத்தும்போது அடுத்த சுரமும் மெலிதாக முனகுவது. ரீடு பலகையில் இரண்டு அறைகளுக்கு நடுவே விரிசல் விழுந்திருக்கலாம். தோல் பட்டைக் கசிவாக இருந்தால் எளிது, பலகை வெடிப்பாக இருந்தால் பெரிய வேலை. பெட்டியைத் திறந்துதான் சொல்ல முடியும்.

சுருதி

ஆப்பில் ஏ-வை 440 என்று வைத்து, ஒரே மெல்லிய அழுத்தத்தில் அடித்துப் பாருங்கள். ஓங்கி அடித்தால் பேஸ் ரீடு இறங்கும், கணக்குத் தவறும். எல்லாக் கட்டையும் ஒரே அளவு, 15 சென்ட் (ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள சுருதி இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறியிருக்கிறது என்றால் பழுது என்று சொல்ல முடியாது. பெட்டியே அந்தச் சுருதிக்குச் சேர்த்தது. தனியாகப் பாடும் பஜனைக்கு ஒன்றும் ஆகாது. கீபோர்டோடு சேர்ந்து வாசிக்க வேண்டிய பாடகர் குழுவுக்கு உதவாது. ஒன்று ஏறி ஒன்று இறங்கி 10 சென்டுக்கு மேல் சிதறியிருந்தால் முழுச் சுருதி வேலை. அதன் கூலியை இப்போதே விலையில் கழியுங்கள்.

இரண்டு வரிசையையும் திறந்து ஒரு கட்டையைப் பிடித்தால் அலை அடிப்பது காதில் விழும். விநாடிக்கு ஓர் அலை வரை காது பொறுக்கும், மூன்று நான்கு என்றால் வரிசைகள் பிரிந்துவிட்டன.

திறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

திருகு இருக்கும் இடம் பெட்டிக்குப் பெட்டி மாறும். விற்பவரையே கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். ரீடு வரிசை தெரிந்ததும் கண்ணாடியும் டார்ச்சும் வைத்து நாக்குகளைப் பாருங்கள். நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், ரிவெட் பக்கம் அடியைச் சுரண்டினால் இறங்கும். ஒரே நாக்கில் இரண்டு இடமும் ஆழமாகச் சுரண்டியிருந்தால் அந்த ரீடு மெலிந்து களைத்துவிட்டது. மேலாகப் படிந்த பழுப்பு நிறம் ஒன்றும் செய்யாது. ரிவெட்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்திருந்தால்தான் கவலை. உப்பு உள்ளே புகுந்துவிட்டது, துடைத்தாலும் அரிப்பு நின்றுவிடாது.

‘ஜெர்மன் ரீடு’ என்று விற்பவர் சொன்னால் தலையாட்டிவிட்டுப் பாருங்கள், அந்தச் சொல்லுக்காக விலை ஏற்ற வேண்டாம். குஜராத்தின் பாலிதானா ரீடுக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து வந்த நல்ல ரீடு, களிம்பேறிய வெளிநாட்டு ரீடை விட எவ்வளவோ மேல்.

மரத்தில் கரையான் தடம், துருத்தியில் எலி கடித்த ஓரம், துணியை அரித்த இராமபாணப் பூச்சி மூன்றையும் தேடுங்கள். அடிப்பலகை ப்ளைவுட் என்றால் ஓரம் இதழ் இதழாகப் பிரிந்திருக்கிறதா என்று நகத்தால் நெருடிப் பாருங்கள்.

கப்ளர், ஸ்கேல் சேஞ்சர்

கப்ளரைப் போட்டு, எடுத்து, மறுபடி ஒவ்வொரு கட்டையாகப் பாருங்கள். கம்பி வளைந்திருந்தால் சில கட்டையில் இரட்டைக் குரல் வராது, சிலதில் கையை எடுத்த பிறகும் நிற்கும். நிமிர்த்திவிடலாம்.

ஸ்கேல் சேஞ்சர் வேறு கதை. சுருதியை மாற்றிக்கொள்ள, கட்டை வரிசை முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்து ஒவ்வொரு இடத்திலும் மூடிகளின் மேல் துல்லியமாக உட்கார வேண்டும். மரம் உப்பும் ஊரில் அந்தத் துல்லியம் நிற்காது: ஒரு கட்டை இரண்டு மூடியைத் தட்டும், மழைக்கு நகராமல் இறுகும். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் உட்கார்ந்துகொண்டு அதற்காகக் கூடுதல் பணம் தருவது சரியான முடிவல்ல. இரண்டரைக் கட்டையிலும் ஐந்தரைக் கட்டையிலும் வாசிக்கக் கை பழகுவது செலவில்லாத ஸ்கேல் சேஞ்சர்.

விலை பேசுவது

கேட்கும் விலையோடு முழுச் சுருதிக் கூலி, துருத்தித் தோல் வேலை, ரீடு மாற்றம், வண்டி வாடகை எல்லாம் கூட்டுங்கள். பேசுவதற்கு முன்பே ரிப்பேர்காரரிடம் கூலி கேட்டுவைத்திருக்க வேண்டும். மொத்தம் அதே தரத்துப் புதுப் பெட்டியின் விலையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். பேசும்போது குறை எழுதிய தாளை விற்பவர் முன்னால் வையுங்கள். பெட்டி மட்டம் என்று வாயால் சொல்வதை விட அது மரியாதையாகவும் இருக்கும், வேலையும் செய்யும். பழைய சிங்கிள் ரீடை உடனே விற்க வேண்டாம். புதிதாக வந்தது ஒரு மழைக்காலம் தாண்டட்டும்.

வாங்கிய பிறகு

கடல் பார்த்த ஜன்னலுக்குக் கீழே வைக்காதீர்கள். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், உள்சுவர் ஓரமாக, துணி போர்த்தி வையுங்கள். வெல்வெட் உறை போட்ட கேஸுக்குள் மாதக்கணக்கில் பூட்டிவைத்தால் அந்த உறையே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கேஸ் வேண்டுமென்றால் சிலிக்கா ஜெல் பை போட்டு, அது நிறம் மாறியதும் காயவைத்து மறுபடி போடுங்கள். தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் எலிக்கு விருந்து. ரீடில் டபிள்யூ.டி-40 அடித்தால் தூசி ஒட்டும், சுருதி இறங்கும். தினம் பத்து நிமிடம் எல்லாக் கட்டையும் தொட்டு வாசியுங்கள். மார்கழி வாடையில் ஒரு கட்டை ஒட்டினால் அரம் எடுத்து ராவ வேண்டாம், தை பிறந்து வெயில் ஏறட்டும். அப்போதும் ஒட்டினால் ராவலாம்.