நாஸ் ஆன் ஆகவில்லையா? டிஸ்க்கை விட்டுவிட்டு அடாப்டரிலிருந்து தொடங்குங்கள்

நேற்றுவரை ஓடிய நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் டிஸ்க்குகளை வைத்து ஃபைல்களைச் சேமிக்கும் கருவி) இன்று பட்டனை அமுக்கினாலும் அசையவில்லை என்றால், ஒரு டிஸ்க்கை உருவிவிட்டு மற்றதை மட்டும் வைத்து ஆன் செய்து பார்க்கத்தான் கை போகும். தயவுசெய்து வேண்டாம். ரெய்டு 1-ல் (ஒரே டேட்டா இரண்டு டிஸ்க்கிலும் நகலாக இருக்கும் அமைப்பு) உள்ள 2 டிஸ்க்குகளில் ஒன்றோடு மட்டும் பெட்டி பூட் ஆகிவிட்டால், வெளியே இருக்கும் டிஸ்க்கின் டேட்டா பழையதாகிவிடும்; திரும்பச் செருகியபின் முழுவதையும் மறுபடி எழுத வேண்டும். பவர் சந்தேகத்தில் இருக்கும் பெட்டியில் பல மணி நேரம் ஓடும் அந்த வேலைதான் மிகப் பெரிய ஆபத்து. சோதனை முடியும்வரை, எல்லா டிஸ்க்கும் உள்ளே இருக்க வேண்டும், அல்லது ஒன்றுகூட இருக்கக் கூடாது.

எனவே பிளக்கைப் பிடுங்கிவிட்டு எல்லா டிஸ்க்கையும் வெளியே எடுங்கள். எந்த அறையில் எது இருந்தது என்று டேப் ஒட்டி 1, 2 என எழுதிவையுங்கள். பவர் பட்டனை 10 விநாடி அமுக்கிப் பிடித்து, மிச்ச மின்சாரம் வடிந்தபின் மறுபடி பிளக்கைச் செருகி ஆன் செய்யுங்கள். ஃபேன் சுற்றி, பீப் கேட்டு, ரூட்டரின் பட்டியலில் பெட்டி தெரிந்தால் உள்ளே இருக்கும் மெயின் போர்டு பெரும்பாலும் நலம்; லோடு (மின் இழுப்பு) ஏறும்போதுதான் ஏதோ விழுகிறது. ஒரு விளக்குகூட எரியவில்லை என்றால் அடாப்டர், ஜாக், போர்டு என்ற வரிசையில் பார்க்க வேண்டும். இரண்டிலுமே முதல் சந்தேகம் அடாப்டர் மீதுதான்.

காரணம் எளிது. 3.5 அங்குல டிஸ்க் ஓடும்போது 5 முதல் 8 வாட் வரைதான் எடுக்கும். ஆனால் தட்டு சுற்றத் தொடங்கும் சில விநாடிகளுக்கு 12 வோல்ட் பக்கம் மட்டும் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 2 டிஸ்க் சேர்ந்து கிளம்பினால் 4 ஆம்பியர். 2 டிஸ்க் பெட்டிகளோடு வருவது பெரும்பாலும் 12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர். இரவும் பகலும் சூட்டில் கிடக்கும் அதன் கெபாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகங்கள்) சில ஆண்டுகளில் காய்ந்துவிடும். சும்மா அளந்தால் மல்டிமீட்டர் 12.1 காட்டும், டிஸ்க் சுற்றத் தொடங்கியதும் 10-க்குக் கீழே சரியும். பெட்டி அணையும், லோடு போனதும் மறுபடி எழும், மறுபடி அணையும். இந்தச் சுழற்சியைக் கண்டால் அடாப்டர்தான் என்று ஏறக்குறைய முடிவே செய்துவிடலாம்.

ஆகவே லோடு கொடுத்து அளக்க வேண்டும். சிசிடிவி சாமான் விற்கும் கடையில் அடாப்டர் பிளக்கைச் செருகும், ஸ்க்ரூ வைத்த டிசி ஜாக் கிடைக்கும். அதில் பைக் அல்லது காரின் 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை இணையுங்கள். ஒரு பல்பு 1.75 ஆம்பியர்; இரண்டாவதையும் பக்கவாட்டில் (பேரலலாக) சேர்த்தால் 3.5. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து ஜாக்கிலேயே அளந்து, 10 நிமிடம் எரியவிடுங்கள். 11.4-க்குக் கீழே இறங்கினால் அடாப்டரை மாற்றுங்கள். பல்பை இணைத்த கணத்தில் ஓரிரு முறை மினுங்கிவிட்டு நிலையாக எரிந்தால் பரவாயில்லை. குளிர்ந்த இழை முதலில் பல மடங்கு இழுக்கும். ஹெட்லைட் பல்பை வைத்தால் நல்ல அடாப்டரே அணைந்துவிடும், அதனால் வேண்டாம். பல்பு நன்றாகச் சுடும். டைல்ஸ் மீது வையுங்கள்.

புதியது வாங்கும்போது வோல்ட் அதே அளவு இருக்க வேண்டும். ஆம்பியர் கூடலாம், குறையக் கூடாது. நடு ஊசி பாசிட்டிவா என்று லேபிள் படத்தில் பாருங்கள். 4 டிஸ்க் பெட்டிகள் சிலவற்றில் வரும் 4 ஊசி வட்ட பிளக்கில் எந்த ஊசி பிளஸ், எது மைனஸ் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழையதையும் புதியதையும் மீட்டரால் ஒப்பிட்ட பிறகே செருகுங்கள். பிளக் பொருந்துகிறதே என்று லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரை ஒருபோதும் செருகாதீர்கள். டிஸ்க்கின் போர்டில் உள்ள பாதுகாப்பு டையோடு ஷார்ட் ஆகி, அதன்பின் அந்த டிஸ்க் உள்ளே இருந்தாலே பெட்டி எழாது. அப்படி ஒரு டிஸ்க் மீது சந்தேகம் என்றால் பழைய டெஸ்க்டாப்பின் பவர் கேபிளை மட்டும் அதில் மாட்டிப் பாருங்கள், டேட்டா கேபிள் வேண்டாம். சுற்றும் சத்தம் வந்தால் மின்சாரப் பக்கம் நலம்.

5 டிஸ்க்குக்கு மேற்பட்ட பெட்டிகளில் பெரும்பாலும் பவர் சப்ளை உள்ளேயே இருக்கும். 24 ஊசி கனெக்டர் உள்ளதென்றால், அதைப் போர்டிலிருந்து கழற்றி, பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணையுங்கள். பிளக்கைச் செருகியும் சப்ளையின் ஃபேன் சுற்றாவிட்டால் சப்ளை போய்விட்டது. சப்ளையின் உறையை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அடிக்கும்.

அடாப்டர் நல்லது, ஃபேன் சுற்றுகிறது, விளக்கு மட்டும் மினுங்கிக்கொண்டே இருக்கிறது என்றால் பிராசஸரைப் பாருங்கள். இன்டெல் ஆட்டம் சி2000 வரிசைச் சிப்பில் கிளாக் சிக்னல் (சிப்பின் வேலைக்குத் தாளம் தரும் துடிப்பு) நாளடைவில் தேய்ந்துபோகும் பிழை இருப்பது 2017-ல் வெளியே வந்தது. நாஸ் கம்பெனியான சினாலஜியின் டிஎஸ்415 பிளஸ், டிஎஸ்1515 பிளஸ், டிஎஸ்1815 பிளஸ் ஆகியவற்றில் இந்தச் சிப்தான். கிளாக் பாதையில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சோல்டர் செய்து இவற்றை எழுப்பிவிடுகிறார்கள். சிப் அதேதான் என்பதால் அதை டேட்டாவை வெளியே எடுக்கக் கிடைத்த அவகாசமாக மட்டும் கருதுங்கள்.

பெட்டி எழுகிறது, ஆனால் அவ்வப்போது தானாக அணைகிறது என்றால் முதலில் பவர் ஷெட்யூல் அமைப்பைப் பாருங்கள். யாரோ வைத்த நேரப்படியும் அணையலாம். கரண்ட் போகும் நொடியில் மட்டும் அணைந்தால் வீட்டு இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நல்ல அடாப்டரே ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான் தாங்கும். சாதாரண மோடில் இன்வெர்ட்டர் மாற அதற்கு மேலும் ஆகலாம்.

சரியானபின் டிஸ்க்குகளை அதே எண் வரிசையில் செருகி, எல்லாவற்றையும் சேர்த்தே ஆன் செய்யுங்கள். ஸ்மார்ட் சோதனையும் (டிஸ்க்கின் நலம் பார்ப்பது) ரெய்டு சரிபார்ப்பும் (டிஸ்க்குகளின் டேட்டா ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது) முடிந்தபின், சிறிய யூபிஎஸ் ஒன்றை வைத்து அதன் யூஎஸ்பி கேபிளை நாஸில் மாட்டுங்கள். கரண்ட் போய் 5 நிமிடத்தில் பெட்டி தானாக முறைப்படி அணையும்படி அமைத்து, ஒருமுறை யூபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கி, சொன்னபடி அணைகிறதா என்று பார்த்துவிடுங்கள்.