கனடா இண்டி பாப் குழுக்கள்: பாட்டு நன்றாக இருந்தும் சறுக்கும் இடங்கள்

ஆல்வேஸ் என்ற இண்டி பாப் (பெரிய இசை நிறுவனங்களைச் சாராத பாப்) குழுவின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ‘டபிள்யூ’ வராது. இரண்டு ‘வி’ ஒட்டி நிற்கும். அழகுக்காகச் செய்ததல்ல இது. அதே பெயரில் இன்னொரு குழு ஏற்கெனவே சோனி இசை நிறுவனத்தில் இருந்தது. 2011-இல் டொராண்டோவில் மோலி ராங்கின், அலெக் ஓஹான்லி, கெரி மக்லெல்லன் முதலியோர் தொடங்கிய இக்குழு, 2014-இல் முதல் ஆல்பம் வரும்போதே திருத்திய எழுத்தோடுதான் வந்தது.

பெயர்ச் சிக்கலைத் தீர்ப்பதைத் தள்ளிப்போட்டவர்கள் பின்னால் அதிக விலை கொடுத்தார்கள். ‘மானிடோபா’ என்ற பெயரில் இசையமைத்த டான் ஸ்னெய்த், அதே பெயர் வைத்திருந்த ஓர் அமெரிக்கப் பாடகர் வழக்குப் போடுவேன் என்றதும் 2004-இல் ‘கரிபூ’ ஆனார். பழைய ஆல்பங்களையும் புதுப் பெயரில் மறுபடி வெளியிட வேண்டியிருந்தது. ஓவன் பாலெட் ‘ஃபைனல் ஃபேன்டசி’ என்ற பெயரில் 2006-இல் கனடாவின் சிறந்த ஆல்பத்துக்கான முதல் போலாரிஸ் பரிசையே வென்றவர். அது புகழ்பெற்ற ஒரு வீடியோ கேமின் பெயர் என்பதால் 2010-இல் வந்த ஆல்பத்துக்குத் தன் சொந்தப் பெயருக்கு மாறினார். சட்டைக்கும் ஸ்டிக்கருக்கும் ஆர்டர் கொடுக்கும் முன் கனடா, அமெரிக்கா இரண்டின் வர்த்தகக்குறிப் பதிவேடுகளிலும் ஸ்ட்ரீமிங் தளங்களிலும் தேடுங்கள். எழுத்தை மாற்றித் தப்பிக்கும் வழியிலும் ஒரு சிக்கல் உண்டு: வானொலியில் பெயரைக் கேட்டவர் சாதாரண எழுத்தில்தான் தேடுவார். அப்படித் தேடினாலும் உங்கள் பக்கம் வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது வருமானப் பங்கு. நாம் ஒரு பாட்டு என்று சொல்வது சட்டத்தில் இரண்டு சொத்து. மெட்டும் வரிகளும் ஒன்று. அதைப் பதிவு செய்த ஒலி இன்னொன்று. மெட்டுக்கும் வரிக்கும் வானொலி, மேடை வருமானத்தைச் சோகன் என்ற கனடா உரிமத்தொகை அமைப்பு வசூலித்துத் தருகிறது. பதிவு செய்த ஒலி கனடா வானொலியில் ஒலிப்பதற்கான பணம் ரீசவுண்ட் என்ற இன்னோர் அமைப்பு வழியாக வரும். அமெரிக்க இணைய வானொலியில் ஒலித்ததற்கு அங்குள்ள சவுண்ட் எக்ஸ்சேஞ்ச் அமைப்பு. சோகனில் மட்டும் பதிந்துவிட்டு எல்லாம் முடிந்ததாக நினைப்பதுதான் பெரும்பாலான குழுக்கள் செய்யும் தவறு. பாட்டு எழுதாத டிரம்மருக்கும் பாஸ் வாசிப்பவருக்கும் சோகனில் ஒரு காசும் வராது. அவர்களுக்கு உரியது ரீசவுண்ட் பக்கம்தான் இருக்கிறது.

யாருக்கு எத்தனை சதவீதம் என்பதைப் பாட்டு முடிந்த அன்றே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். பெயர், பங்கு, தேதி போதும். கூட்டினால் 100 வர வேண்டும். இரண்டு வருடம் கழித்து விளம்பரப் படத்துக்கு யாராவது பாட்டைக் கேட்கும்போது உட்கார்ந்து பேசினால், நட்பும் போகும், வாய்ப்பும் போகும். மேடையில் வாசித்த பாட்டுப் பட்டியலையும் சோகனுக்கு அனுப்ப மறக்காதீர்கள். கச்சேரிக்கான உரிமத் தொகையை அரங்கம் கட்டியிருக்கும். எந்தப் பாட்டு வாசிக்கப்பட்டது என்று நீங்கள் சொல்லாவிட்டால் அது உங்கள் கணக்கில் சேராது. ஓராண்டுக்குள் அனுப்ப வேண்டும். நிகழ்ச்சி முடிந்த இரவே, வேனில் ஏறும் முன் அனுப்பிவிடுவது நல்லது.

லேபிளோடு (ஆல்பம் வெளியிடும் நிறுவனத்தோடு) ஒப்பந்தம் போடும்போது எல்லோரும் முன்பணத்தைப் பார்க்கிறார்கள். ‘எத்தனை மாதத்துக்குள் வெளியிட வேண்டும், வெளியிடாவிட்டால் மாஸ்டர் (மூல ஒலிப்பதிவு) யாருக்கு’ என்ற வரியைத் தேடுவதில்லை. மெட்ரிக் குழு 2001 வாக்கில் பதிவு செய்து முடித்த முதல் ஆல்பம், அவர்களுடைய லேபிள் வேறு நிறுவனத்தின் கைக்குப் போனதால் 2007-இல்தான் வெளிவந்தது. அதற்குள் அவர்களின் வேறு இரண்டு ஆல்பங்கள் வந்துவிட்டன. அதே குழு 2009-இல் ‘ஃபேன்டசீஸ்’ ஆல்பத்தைத் தன் சொந்த லேபிளில் வெளியிட்டு, அடுத்த ஆண்டு கனடாவின் ஜூனோ இசை விருதும் வாங்கியது.

இனி ஆல்வேஸின் மூன்றாவது ஆல்பத்துக்கு வருவோம். இரண்டாவது ஆல்பம் 2017-இல் வந்தது, மூன்றாவதான ‘ப்ளூ ரெவ்’ 2022 அக்டோபரில். இடையில் மோலியின் வீட்டில் புகுந்த திருடன், டெமோக்கள் (பாட்டுகளின் முன்னோட்டப் பதிவுகள்) இருந்த ரெக்கார்டரை எடுத்துப் போய்விட்டான். அதை ஒட்டியே அடித்தள அறையில் வெள்ளம் புகுந்து கருவிகள் நாசமாகப் பார்த்தன. பிறகு பெருந்தொற்றில் எல்லை மூடப்பட, புதிதாகச் சேர்ந்த அமெரிக்க டிரம்மரோடும் பாஸ் வாசிப்பவரோடும் மாதக்கணக்கில் ஒத்திகை பார்க்க முடியவில்லை. ஐந்து வருட இடைவெளி தவறே அல்ல. நல்ல ஆல்பத்துக்காக ரசிகர்கள் காத்திருப்பார்கள். ஒரே ஒரு ரெக்கார்டரில் மட்டும் டெமோ இருப்பதுதான் ஆபத்து.

கணக்குப் போட்டால் நகல் எடுத்து வைப்பது எவ்வளவு மலிவான காப்பு என்று தெரியும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் மோனோ டிராக் (ஒரு குரலின் அல்லது கருவியின் தனிப் பதிவு) ஒரு நிமிடத்துக்கு 8.6 எம்பி. நான்கு நிமிடப் பாட்டில் 30 டிராக் என்றால் ஏறக்குறைய 1 ஜிபி. பத்துப் பாட்டுக்கு, வேண்டாத டேக்குகளையும் சேர்த்தாலும், சின்ன டிரைவே போதும். மூன்று பிரதி வையுங்கள்: கணினியில் ஒன்று, வேறொருவர் வீட்டு டிரைவில் ஒன்று, கிளவுடில் ஒன்று. சாஃப்ட்வேர் கோப்பை மட்டும் நகலெடுத்து ஏமாறாதீர்கள்; ஐந்து வருடம் கழித்து அதில் பயன்படுத்திய பிளகின் (துணை மென்பொருள்) இருக்காது, கோப்பும் திறக்காது. ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே வேவ் கோப்பாக எடுத்து, டெம்போவை (பாட்டின் வேகத்தை) கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். கனடாவில் பல குழுக்களின் ஒத்திகை இடம் அடித்தளம்தான், பனி உருகும் காலத்தில் தண்ணீர் முதலில் வருவதும் அங்கேதான். ஆம்ப்ளிஃபையர் தரையைத் தொடக் கூடாது. பிளக் பலகையைச் சுவரில் மாட்டுங்கள். கருவிகளின் சீரியல் எண்ணைப் படமெடுத்து வையுங்கள். சம்பாத்தியத்துக்குப் பயன்படும் கருவியை வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் ஏற்காது. தனிப் பாலிசி வேண்டும்.

‘ப்ளூ ரெவ்’ லாஸ் ஏஞ்சலஸ் தயாரிப்பாளர் ஷான் எவரெட்டுடன் செய்தது. வெளிநாட்டில் பதிவு செய்தால் கனடா வானொலிக்கான ‘உள்நாட்டுப் பாட்டு’ தகுதி போய்விடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். போகாது. இசை, கலைஞர், பதிவு, வரிகள் என்ற நான்கில் இரண்டு கனடாவுடையதாக இருந்தால் போதும். கனடா இசைக்கலைஞர்களுக்கு உதவும் ஃபாக்டர் அமைப்பின் நிதி கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: விண்ணப்பிக்கும் முன் செய்த செலவைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள். முதலில் விண்ணப்பம், பிறகு ஸ்டூடியோ.

அதிகக் குழுக்கள் அடிபடுவது அமெரிக்க எல்லையில். கனடாக் குடிமக்களுக்கு விசா முத்திரை வேண்டாம். ஆனால் கூலிக்கு வாசிக்க பி-2 என்ற அமெரிக்க வேலை அனுமதி வேண்டும். இசைக்கலைஞர் சங்கத்தின் கனடா அலுவலகம் வழியாக அதற்கு விண்ணப்பிக்கலாம். எல்லோரும் சங்க உறுப்பினராக இருக்க வேண்டும். நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள். டொராண்டோவில் தமிழ்ப் பிள்ளைகள் வாசிக்கும் குழுக்கள் முதலில் பார்க்க வேண்டியது: இலங்கை, இந்தியா பாஸ்போர்ட்டோடு நிரந்தரவாசியாக இருப்பவருக்கு அனுமதி வந்த பிறகும் தூதரகத்தில் விசா முத்திரை குத்த வேண்டும். அந்த ஒருவரால் முழு டூரும் நின்றுபோகும். ‘நண்பரைப் பார்க்கப் போகிறோம்’ என்று பொய் சொன்னால் மறுபடி நுழையவே தடை வரலாம்.

விற்கக் கொண்டுபோகும் சட்டைப் பெட்டிக்குத் தனிப் பட்டியல் வேண்டும்: எத்தனை, ஒன்றின் விலை என்ன, எங்கே தயாரானது. சட்டையின் கழுத்துப்பட்டையைத் திருப்பிப் பாருங்கள். பங்களாதேஷ் என்றோ ஹோண்டுராஸ் என்றோ தைத்திருந்தால், டொராண்டோவில் அச்சடித்திருந்தாலும் அது கனடாச் சரக்கு அல்ல; பட்டியலில் அந்த நாட்டையே எழுதுங்கள்.

அமெரிக்க வரியும் அங்கே தொடங்குகிறது. செலவைக் கழிக்காமல் மொத்தக் கூலியில் 30 சதவீதத்தை நிகழ்ச்சி அமைப்பாளர் பிடித்துக்கொள்ளலாம். செலவைக் காட்டி இதைக் குறைக்க அமெரிக்க வரித்துறையோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளும் வழி உண்டு. முதல் நிகழ்ச்சிக்கு 45 நாள் முன்பாவது விண்ணப்பம் போக வேண்டும். அதைத் தவறவிட்டால், ஆண்டு முடிந்து கணக்குத் தாக்கல் செய்துதான் திரும்பக் கேட்கலாம்; அதுவரை பெட்ரோலுக்குக் கையில் காசு இருக்காது.

உள்நாட்டுப் பயணமும் லேசானதல்ல. டொராண்டோவிலிருந்து வின்னிபெக் வரை சாலையில் 2,000 கிலோமீட்டருக்கு மேல். சனிக்கிழமை இரவு சட்பரி, ஞாயிறு தண்டர் பே என்று போட்டால், நடுவில் 1,000 கிலோமீட்டர், பாதி இருட்டில், மூஸ் மான்கள் குறுக்கிடும் சாலை. குளிர்காலத்தில் கருவிகளை இரவு வேனில் விடாதீர்கள். மைனஸ் 25-இல் கிடந்த கித்தாரைச் சூடான அரங்குக்குள் கொண்டுவந்ததும் பெட்டியைத் திறந்தால் மேல்பூச்சு நூல் நூலாக விரிசல் விடும்; ஆம்ப்ளிஃபையருக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது பெட்டி மூடியபடி இருக்கட்டும். பிறகு ஒரு தாழ்ப்பாளை மட்டும் விடுவித்து, சிறிது நேரம் கழித்து மூடியைத் தூக்குங்கள்.