தோட்டத்து பெஞ்சை அழகுபடுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை பெய்து ஓய்ந்த மறுநாள், வெயில் நன்றாக ஏறிய பிறகு, தோட்டத்து பெஞ்சின் மேல் கிடக்கும் மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். கைப்பிடி காய்ந்திருக்கும், சாய்மானம் காய்ந்திருக்கும். மெத்தை கிடந்த இடம் மட்டும் அதே நீள அகலத்தில் கறுத்து ஈரமாக இருக்கும். விரல் வைத்தால் வழுக்கும். பெஞ்சு முழுவதும்தான் நனைந்தது. ஆனால் அந்த இடம் மட்டும் காயாமல் கிடக்கிறது. பெஞ்சு இற்றுப்போவது அங்கேதான் தொடங்குகிறது.

மரத்தை மக்க வைக்கும் பூஞ்சை வளர வேண்டுமென்றால் மரத்தின் ஈரப்பதம் ஏறக்குறைய 20 சதவீதத்துக்கு மேல் போய், இறங்காமல் நிற்க வேண்டும். நனைந்து சீக்கிரம் காய்ந்துவிடும் மரத்தில் அதற்கு வாய்ப்பு குறைவு. அதனால் மெத்தையோ, பெயின்டோ, பூந்தொட்டியோ, எதைச் சேர்ப்பதாக இருந்தாலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான்: இது வந்தபிறகும் பெஞ்சு காயுமா? கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருபவை.

வீட்டு மெத்தையை வெளியே போடுவது

சோபாவில் கிடந்த பழைய மெத்தையை எடுத்துவந்து பெஞ்சில் போடுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. உள்ளே இருக்கும் சாதாரண ஃபோமின் கண்ணறைகள் மிகச் சிறியவை. குடித்த தண்ணீரை அது கீழே விடாது. மேல் துணி காய்ந்த பிறகும் நடுவில் ஈரம் நிற்கும். உட்கார்ந்து எழுந்தால் உடுப்பு நனைவதும், இரண்டு வாரத்தில் ஒரு மக்கல் வாடை கிளம்புவதும் அதனால்தான். வெளியிடத்துக்கென்றே விற்கும் ஃபோம் வேறு வகை. கண்ணறைகள் பெரிதாக, ஒன்றோடொன்று திறந்து இருக்கும்; மேலே ஊற்றிய தண்ணீர் சல்லடையில் ஊற்றியது போல அடியில் இறங்கிவிடும். விலை கூடுதல்தான். அது கட்டுப்படியாகாது என்றால் பாலியெஸ்டர் பஞ்சு அடைத்த மெல்லிய மெத்தை போதும். சீக்கிரம் அமுங்கிப்போகும், ஆனால் காய்ந்துவிடும்.

சிலர் ஃபோமைப் பாலிதீன் தாளில் சுற்றி அதன் மேல் உறை போடுவார்கள். இது நல்ல யோசனை போலத் தோன்றும். ஆனால் தையல் ஓட்டை, ஜிப், மூலை என்று எங்கேயாவது ஒரு வழியில் தண்ணீர் உள்ளே போயே தீரும். போன தண்ணீர் வெளியே வர வழி இல்லை. மழைக்காலம் முடிந்து அதைப் பிரிக்கும்போது உள்ளே கறுப்புப் புள்ளிகள் பூத்திருக்கும். தண்ணீர் நுழையவே நுழையாத மெத்தையைத் தேடுவதைவிட, நுழைந்த தண்ணீர் ஓடிவிடும் மெத்தையைத் தேடுவது மேல். அடிப்பக்கத் துணி மட்டும் வலைபோல இருக்கும் உறைகள் கிடைக்கின்றன. அவை இதற்காகவே தைத்தவை.

துணிக்கு வருவோம். பருத்தி தொட இதமானது, வெளியே ஆகாது. ஈரத்தைப் பிடித்து வைக்கும், பூஞ்சை பிடிக்கும், வெயிலில் வெளுக்கும். தண்ணீரை ஒதுக்கும் ஸ்பிரே அடித்தால் சரியாகிவிடும் என்பார்கள். அது தேயத் தேயத் திரும்ப அடிக்க வேண்டும். வெளியிடத்துக்கு நம்பிக்கையானது, இழையாக இழுப்பதற்கு முன்பே சாயம் கலந்த அக்ரிலிக் துணி. நெய்த பிறகு சாயம் ஏற்றிய துணியில் நிறம் மேலோடு நிற்கும். இதில் மஞ்சள் கிழங்கு மாதிரி, எங்கே வெட்டினாலும் உள்ளும் புறமும் ஒரே நிறம். அதனால்தான் வருடக்கணக்கில் வெயில் பட்டாலும் வெளுப்பது குறைவு. வாங்கும்போது ஓரத்தில் ஒரு நூலை உருவி, நகத்தால் பிரித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது மேல்சாயம்.

இவ்வளவு பார்த்து வாங்குகிறவர்கள்கூடத் தையல் நூலைப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. நல்ல துணி எடுத்து, உள்ளூர்த் தையற்காரரிடம் கொடுத்து உறை தைத்தேன். ஒரு கோடை தாண்டியது. துணி புத்தம் புதிதாக இருந்தது, ஆனால் உதறுவதற்காக மூலையைப் பிடித்து இழுத்ததும் தையல் பட்பட்டென்று நீளமாக விட்டுக்கொடுத்தது. நூலை எடுத்துத் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. வழக்கமான பருத்தி நூலில் தைத்திருந்தார். வெயிலும் ஈரமும் முதலில் தின்பது நூலைத்தான். வெயில் தாங்கும்படி பதப்படுத்திய தடித்த பாலியெஸ்டர் நூல் என்று சொல்லித் தைக்கச் சொல்லுங்கள். ஜிப்பும் பிளாஸ்டிக் பல் உள்ளதாக இருக்கட்டும். இரும்பு ஜிப் துருப்பிடித்துத் துணியில் காவிக்கறை போடும், அப்புறம் திறக்கவே வராது.

உயரத்தை மறந்துவிட்டு மெத்தை வாங்குவது

மொத்தமான மெத்தை என்றால் சொகுசு என்று நினைக்கிறோம். பெஞ்சின் இருக்கை தரையிலிருந்து பொதுவாக 40 முதல் 45 செ.மீ. உயரத்தில் இருக்கும். அதன் மேல் 10 செ.மீ. மெத்தையைப் போட்டால், உட்கார்ந்து அமுங்கிய பிறகும் பலருக்குக் கால் தரையில் முழுதாகப் படியாது. தொடையின் அடிப்பக்கம் விளிம்பில் அழுந்தி, சிறிது நேரத்தில் கால் மரத்துப்போகும். இருக்கை உயர்ந்த அளவுக்குக் கைப்பிடி தாழ்ந்துவிடும். முழங்கையை ஊன்ற ஒரு பக்கமாகச் சரிய வேண்டியிருக்கும். சாய்மானத்துக்கும் ஒரு தடித்த திண்டு வைத்தால் இருக்கையின் ஆழம் குறைந்து, நுனியில் தொத்திக்கொண்டு உட்கார வேண்டிய நிலை.

5 செ.மீ. மெத்தை பெரும்பாலான பெஞ்சுகளுக்குப் போதும். கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வயதானவர்கள் உட்காருகிற பெஞ்சு என்றால் கணக்கு மாறும். தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுவது அவர்களுக்குச் சிரமம். கூடுதலாகச் சில செ.மீ. அவர்களுக்கு உதவும், ஆனால் மெத்தை அமுங்காததாகவும் பின்பக்கம் நாடாவால் கட்டியதாகவும் இருக்க வேண்டும். எழும்போது மெத்தை முன்னால் வழுக்கினால் ஆள் விழுவார். காற்றுக்குப் பறப்பதைவிட இது பெரிய விஷயம்.

நிறம்பற்றி ஒன்று மட்டும்: முழு வெயில் விழும் இடத்தில் அடர்நீலமும் கறுப்பும் வேண்டாம். மத்தியானம் உட்கார முடியாது.

பளபளப்புக்காக வார்னிஷ் அடிப்பது

வீட்டுக்குள் மேசைக்கு அடிக்கும் வார்னிஷைத் தோட்டத்து பெஞ்சுக்கு அடித்தால் முதல் மாதம் கண்ணாடிபோல மின்னும். மரம் ஈரத்துக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். அந்த வார்னிஷ் படலத்துக்கு அப்படி வளைந்துகொடுக்கத் தெரியாது. முடி அளவு ஒரு விரிசல் விட்டால் போதும், அதன் வழியே தண்ணீர் அடியில் புகுந்துகொள்ளும். மேலே படலம் இருப்பதால் காய வழியில்லை. செதில் செதிலாக உரியத் தொடங்கிய பிறகு மேலே இன்னொரு கோட்டு அடிப்பது அடுத்த தவறு. முழுவதையும் உப்புத்தாள் போட்டுச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும். படகுகளுக்கு அடிக்கும் வகை வார்னிஷ் வளைந்துகொடுக்கும், புற ஊதாக் கதிரையும் தடுக்கும். பெயின்ட் அதைவிட நன்றாக வெயிலைத் தடுக்கும். மரத்துக்குள் ஊறும் எண்ணெய்ப் பூச்சு இன்னொரு வழி. அது அடிக்கடி பூச வேண்டியது, ஆனால் உரியாது. சுரண்டாமல் மேலேயே பூசலாம். பூச நேரம் வந்துவிட்டதா என்று பார்க்க, மரத்தின் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது. உறிஞ்சிக் கறுத்தால் போய்விட்டது.

தேக்கு பெஞ்சு சாம்பல் நிறமானதும் பதறிப்போய் எதையாவது பூசுபவர்கள் நிறையப் பேர். அந்தச் சாம்பல் நிறம் மேல்தோலில் மட்டும் வெயில் செய்த மாற்றம். மரத்தின் உறுதி குறைவதில்லை. நன்றாக வைரம் பாய்ந்த தேக்கு இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உள்ளது. ஒன்றும் பூசாமல் விட்டாலே பல வருடம் நிற்கும். எனக்கு அந்த வெள்ளிச் சாம்பல் நிறம்தான் பிடிக்கும். பச்சைச் செடிகளுக்கு நடுவே அதைவிடப் பொருத்தமான நிறத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் வைரத்தைச் சுற்றியுள்ள வெளிர்நிறப் பகுதிக்கு இந்த உறுதி கிடையாது. தேக்கு என்று சொல்லி விற்கும் பெஞ்சில் பாதிப் பலகை வெளுப்பாக இருந்தால் யோசியுங்கள்.

பிரஷர் வாஷரை எடுத்து அடித்தால் நொடியில் பளிச்சென்று ஆகும். கூடவே மரத்தின் மென்மையான வரிகளும் பிய்ந்து போய், மேற்பரப்பு சீப்புப்பல் மாதிரி ஆகிவிடும். அந்தப் பள்ளங்களில் அழுக்கும் ஈரமும் இன்னும் சௌகரியமாகத் தங்கும். மிதமான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும்.

எண்ணெய் பூசுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆளி விதை எண்ணெயோ அது கலந்த பூச்சோ துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறி, யாரும் நெருப்பு வைக்காமலே தானாகப் பற்றிக்கொள்ளும். துணியை வெளியே தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் முக்கி மூடிவையுங்கள்.

அதேபோல, பழைய பதப்படுத்திய மரத்தில் செய்த பெஞ்சு கைக்கு வந்தால் உப்புத்தாள் போட அவசரப்பட வேண்டாம். ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்த மருந்தில் மரத்தைப் பதப்படுத்தும் வழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது; அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்துக்கு 2003-ஆம் ஆண்டின் முடிவோடுதான் அதைக் கைவிட்டார்கள். அந்தத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது, துண்டுகளை எரிக்கவும் கூடாது.

பெஞ்சின் காலைக் கவனிக்காமல் விடுவது

பெஞ்சின் மேல்பாகத்துக்கு எத்தனை அலங்காரம் செய்தாலும், அது முதலில் இற்றுப்போவது கால் நுனியில்தான். மரத்தை ஒரு கட்டு உறிஞ்சுகுழல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே வெட்டிய முகத்தில் எல்லாக் குழல்களும் வாய் திறந்து இருக்கும். பலகையின் பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக அங்கே தண்ணீர் ஏறும். அந்த முகம்தான் நேராக மண்ணில் ஊன்றி நிற்கிறது. பெஞ்சைப் பக்கவாட்டில் சாய்த்து, கால் நுனியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்துங்கள். நல்ல மரத்தில் முனை இறங்காது. ரொட்டியில் இறங்குவது போல இறங்கினால் உள்ளே மக்கிவிட்டது.

புதிய பெஞ்சு என்றால் அந்த நுனிகளுக்கு, மற்ற இடங்களைவிடக் கூடுதலாக, உறிஞ்சுவது நிற்கும்வரை பூச்சு கொடுங்கள். ஒவ்வொரு காலுக்கு அடியிலும் தட்டையான கல் ஒன்று வைக்கலாம், அல்லது பிளாஸ்டிக் பாதம் பொருத்தலாம். அழகுக்காகப் புல்தரை விரிப்பு போட்டு அதன் மேல் பெஞ்சை வைப்பதைத் தவிருங்கள். அது நாள் முழுவதும் காலுக்கு ஈரத்துணி கட்டியதற்குச் சமம்.

தவறான ஆணி

விளக்குச்சரம் மாட்ட, பெயர்ப்பலகை பொருத்த என்று நாலு சாதாரண இரும்பு ஆணி அடிப்போம். துவர்ப்புச்சத்து அதிகமுள்ள ஓக் போன்ற மரங்களில் அந்த ஆணியைச் சுற்றி மழைக்குப் பிறகு நீலங்கலந்த கறுப்புக் கறை வழியும். அது அழுக்கு இல்லை. இரும்பும் துவர்ப்பும் சேர்ந்த மை. பழங்காலத்தில் எழுதுகிற மையைக் காய்ச்சியதே இப்படித்தான். சோப்பால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் திருகாணி போடுங்கள். கடற்கரைப் பக்கம் என்றால் 316 ரகம், உப்புக்காற்றை 304-ஐ விட நன்றாகத் தாங்கும். பலகையின் ஓரத்தில் திருகும்போது முதலில் சின்னத் துளை போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பிளந்துவிடும். முடிந்தால் ஆணியே வேண்டாம், நாடாவால் கட்டுங்கள்.

இரும்பு பெஞ்சில் துருவின் மேலேயே பெயின்ட் அடிக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் அடிக்கிறோம். கம்பி பிரஷால் தேய்த்து, துரு தடுக்கும் பிரைமர் கொடுத்துவிட்டு அடித்தால்தான் நிற்கும்.

செடியும் நிழலும்

பெஞ்சின் மேல் பூந்தொட்டி வைத்துப் படம் எடுத்தால் அழகாகத்தான் இருக்கும். அங்கேயே விட்டுவிட்டால் தொட்டியின் அடியில் வட்டமாக ஈரம் ஊறி, அந்த வட்டம் பிறகு போகவே போகாது. பக்கத்தில் தரையில் வையுங்கள். கொடியைச் சாய்மானத்தின் சட்டங்களுக்குள் நுழைத்து ஏற்றுவதும் இதே கதை. தண்டு பெருக்கப் பெருக்கச் சட்டத்தை நெம்பிப் பிரித்துவிடும்.

மரத்தடி நிழலில் போடுவதென்றால் அண்ணாந்து பாருங்கள். இலையில் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி இருந்தால் அது விடும் பிசுபிசுப்பான இனிப்பு நீர் பெஞ்சில் விழும்; அதன் மேல் கரிப்பூஞ்சை படரும். பறவைகள் அடையும் கிளைக்கு நேர் கீழே மெத்தை போட்ட பெஞ்சு வேண்டாம். எச்சம் விழுந்தால் அன்றே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். கிடந்தால் பூச்சை அரிக்கும்.

இறுக்கி மூடுவது

மழைக்காலத்தில் தார்ப்பாயைத் தரைவரை இழுத்துக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள், அதைப் பிரிக்கும்போது அதிர்ச்சியடைகிறார்கள். மண்ணிலிருந்து எழும் ஆவி உள்ளே தார்ப்பாயில் முத்து முத்தாகக் கோத்து, இரவெல்லாம் பெஞ்சின் மேலேயே சொட்டுகிறது. உறை போடுவதற்கு முன் பெஞ்சு இரண்டு மூன்று நாள் வெயிலில் காய வேண்டும். உறை தரையைத் தொடக் கூடாது, ஒரு சாண் அளவு இடைவெளி கீழே இருக்கட்டும். நடுவில் கவிழ்த்த வாளி ஒன்றை வைத்து உறையைக் கூடாரம்போல உயர்த்தினால், மேலே தண்ணீர் குளம் கட்டாது, உள்ளே காற்றும் ஓடும். மெத்தைகளை உறைக்குள் விடாமல் வீட்டுக்குள் எடுத்துவந்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல், ஜிப் இருக்கும் விளிம்பு கீழே இருக்கும்படி சுவரோரம் நிறுத்திவையுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர் ஜிப் வழியாக இறங்கிவிடும்.