தைராய்டு கூடினால் இன்சுலின் கணக்கை எப்படிப் பார்ப்பது

எனக்கு டைப் 1 சர்க்கரை நோய். சாப்பாடும் ஊசி அளவும் மாறாமல் இருக்க, சர்க்கரை மட்டும் ஏறிக்கொண்டே போனால் இன்சுலின் கெட்டுப்போயிருக்குமோ என்றுதான் முதலில் தோன்றும். புது இன்சுலின் குப்பியிலும் அதே நிலைதான், கூடவே எடை இறங்குகிறது, சும்மா உட்கார்ந்திருந்தாலும் நெஞ்சு படபடக்கிறது என்றால் தைராய்டு பரிசோதனை எழுதித் தரச் சொல்லுங்கள். எனக்கு கிரேவ்ஸ் நோய் (உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தூண்டி ஹார்மோனைக் கூட்டிவிடும் நோய்) இருப்பது அப்படித்தான் தெரிந்தது. டைப் 1 இருப்பவர்களுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

தைராய்டு ஹார்மோன் கூடும்போது கல்லீரல் தேவைக்கு மேல் குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. இன்சுலின் தடுத்தாலும் சரியாக அடங்குவதில்லை. குடல் சர்க்கரையை வேகமாக உறிஞ்சுவதால் சாப்பிட்டதும் அளவு எகிறும். போதாததற்கு, போட்ட இன்சுலினையும் உடம்பு சீக்கிரமே அழித்துவிடும். அதனால் பழைய அளவு பத்தாது. வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் பார்த்து எழுதிவைத்து, அந்தக் குறிப்போடு மருத்துவரிடம் போய் அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். டைப் 1 என்றால் கீட்டோனையும் (இன்சுலின் பத்தாதபோது கொழுப்பு எரிந்து ரத்தத்தில் சேரும் அமிலம்) பாருங்கள், இந்த நேரத்தில் அது எளிதில் ஏறும். கீட்டோனோடு வாந்தியோ மூச்சிரைப்போ வந்தால் உடனே மருத்துவமனைதான்.

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு மூன்றும் தைராய்டாலும் வரும், சர்க்கரை இறங்கினாலும் வரும். எனவே நடுங்கினால் ஊகிக்காமல் மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் உடனே 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. படபடப்புக்கு புரோப்ரனலால் எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வியர்வை மட்டும் பெரும்பாலும் மிஞ்சும்.

சரி, இனி சொல்வதைத்தான் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்கிறேன். தைராய்டு ஹார்மோன் சுரப்பதைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை தொடங்கியதும் ஒன்றும் மாறாதது போலிருக்கும். சுரப்பியில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் ஹார்மோன் தீர வேண்டும், அதற்குச் சில வாரங்கள் ஆகும். அது தீரத் தீர இன்சுலின் தேவையும் குறையும். கூட்டிய அளவையே தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும், தூக்கத்தில்கூட. ஆகவே ஒவ்வொரு தைராய்டு முடிவு வரும்போதும் இன்சுலின் அளவையும் சேர்த்துப் பேசுங்கள். இரண்டுக்கும் வேறு வேறு மருத்துவர் என்றால் முடிவை நீங்களே கொண்டுபோய்க் காட்டுங்கள். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். மாதக்கணக்கில் தாழ்ந்தே கிடக்கலாம். அதை மட்டும் நம்பாமல் தைராய்டு சுரக்கும் ஹார்மோன்களான ஃப்ரீ டி4, டி3 அளவுகளையும் கேளுங்கள். அப்புறம், முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அது இந்தப் பரிசோதனை முடிவுகளையே மாற்றிக் காட்டும், ரத்தம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கார்பிமசோல் எடுக்கும்போது தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவரைப் பார்த்து வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைச் சோதித்துக்கொள்ளுங்கள். காய்ச்சலில் சர்க்கரையும் ஏறும், அதனால் இன்சுலினை மட்டும் நிறுத்தவே வேண்டாம்.