வீட்டில் கார் வேலை: எந்த ஸ்பேனர், எந்த சாக்கெட்?

கடையில் போய் ‘கார் வேலைக்கு ஒரு டூல் செட்’ என்று கேட்டால், பெரும்பாலும் 46 பீஸ் பெட்டியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். விலை குறைவு, பார்க்கவும் பளபளவென்று இருக்கும். திறந்து பாருங்கள்: பெட்டி நிறைய ஸ்க்ரூடிரைவர் பிட்டுகள், சாக்கெட்டுகள் (போல்ட் தலை மேல் மாட்டும் குழல்கள்) 4-ல் தொடங்கி 14 எம்.எம்.மோடு முடிந்துவிடும். ராட்செட், அதாவது சாக்கெட்டை மாட்டித் திருப்பும் கைப்பிடி, கால் இஞ்ச் டிரைவ் (சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு). ஏர் ஃபில்டர், பேட்டரி டெர்மினல் வரைக்கும் சரி. வீல் நட்டுக்கு அதில் சாக்கெட்டே கிடையாது.

1. முதலில் காரைப் பாருங்கள், அப்புறம் கடை

மாருதி, ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டா என்றால் 8, 10, 12, 14, 17 எம்.எம். இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவில் 12, 14-க்குப் பதிலாக 13, 16 வரும். கூடவே டார்க்ஸ் (நட்சத்திர வடிவ) தலைகளும் நிறைய. வீல் நட் தனிக்கதை: மாருதியில் பொதுவாக 19, ஹூண்டாயில் 21, ஃபோக்ஸ்வேகன் போலோவில் (அதில் நட் இல்லை, போல்ட்) 17.

வீட்டில் பழைய அம்பாசிடர் காலத்து ஸ்பேனர்கள் கிடந்தால் தனியாக எடுத்து வையுங்கள். அவை இஞ்ச் அளவு. முக்கால் இஞ்ச் என்பது 19.05 எம்.எம்., அதனால் 19-க்குப் போடலாம். ஆனால் அரை இஞ்ச் 12.7. அதை 12 எம்.எம். போல்ட்டில் ‘லேசா ஆடுது, பரவாயில்லை’ என்று போட்டால் தலை மழுங்கிவிடும்.

2. ஸ்பேனர்: காம்பினேஷன் செட் மட்டும்

எட்டு ஸ்பேனர் கொண்ட டபுள் எண்ட் செட்டில் 6-7, 8-9, 10-11 என்று ஜோடியாகப் போய், கடைசியில் 20-22 வரும். 21 இல்லை. காம்பினேஷன் ஸ்பேனரில் ஒரு பக்கம் ரிங், மறுபக்கம் ஓப்பன், இரண்டும் ஒரே அளவு. இறுகியதை ரிங்கால் தளர்த்திவிட்டு, ஓப்பன் பக்கத்தால் சரசரவென்று கழற்றலாம். வீட்டு வேலைக்கு டபாரியா பிராண்ட் தாராளம். ஸ்க்ரூ ஸ்பேனரைக் குழாய் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

3. சாக்கெட்டுக்குள் எட்டிப் பாருங்கள்

இதைச் சொல்லத்தான் பதிவே. சாக்கெட்டின் வாய்க்குள் ஆறு முனை இருக்கிறதா, பன்னிரண்டா? ஆறு முனை உள்ளது போல்ட் தலையின் பட்டையான பக்கத்தை அழுத்தும். பன்னிரண்டு முனை உள்ளது மூலைக்கு அருகில் அழுத்தும். புது போல்ட்டில் வித்தியாசமே தெரியாது. சைலன்சர் பக்கம் துரு தின்ற 10 எம்.எம். போல்ட்டில் தெரியும்: ஒரு ‘டக்’ சத்தம், மூலைகள் போய்விடும், அப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது. சாக்கெட் என்றால் ஆறு முனைதான் வாங்க வேண்டும். ரிங் ஸ்பேனரில் மட்டும் பன்னிரண்டு முனை நல்லது. இடுக்கில் 30 டிகிரி திருப்ப இடம் கிடைத்தாலே அடுத்த பிடி போடலாம்.

அழுத்துவதற்கு முன் தலையில் உள்ள சேற்றைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். சாக்கெட் அடிவரை இறங்கியதா என்று கையை இடவலமாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இறங்கவில்லை, அல்லது அளவு தப்பு. துருப்பிடித்ததற்கு இரவே துரு ஆயில் அடித்துவிட்டு, காலையில் முதலில் மிக லேசாக இறுக்கும் பக்கம் ஒரு அசைப்பு, அப்புறம் கழற்றுங்கள்.

4. டிரைவ்

கடைகளில் அரை இஞ்ச்தான் எளிதில் கிடைக்கும். எனக்குப் பிடித்தது 3/8. கணக்கு இதுதான்: 10 எம்.எம். தலை கொண்ட எம்6 (தண்டு 6 எம்.எம்.) போல்ட்டை இறுக்க சுமார் 10 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை போதும். 25 செ.மீ. ராட்செட்டில் அது வெறும் 4 கிலோ இழுப்பு. அரை இஞ்ச் ராட்செட்டைக் கையில் எடுத்தாலே நாம் அதற்கு மேல் இழுத்துவிடுவோம், போல்ட் முறிந்து பாதி உள்ளேயே தங்கிவிடும். சின்ன போல்ட்டுக்கு ராட்செட்டின் தலைக்கு அருகில் பிடியுங்கள்.

5. ஸ்பார்க் பிளக்

இப்போதைய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 16 எம்.எம். பிளக் சாக்கெட், சிலவற்றுக்கு 14. பிளக் ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கும், அதனால் எக்ஸ்டென்ஷன் ராடு கட்டாயம். உள்ளே ரப்பரோ காந்தமோ உள்ள சாக்கெட் வாங்குங்கள், இல்லையென்றால் கழன்ற பிளக் மேலே வராது. புதியதைக் கையாலேயே திருகி உட்கார வைத்த பிறகுதான் ராட்செட். டார்க் ரென்ச் (சொன்ன திருப்பு விசையில் இறுக்க உதவுவது) வாங்குவதென்றால் அதன் கீழ் எல்லையைப் பாருங்கள். 28 நியூட்டன் மீட்டரில் தொடங்கும் அரை இஞ்ச் ரென்ச் வீல் நட்டுக்கு அருமை, பிளக்குக்கு அது அதிகம், உதவாது.

சேர்க்கை: ‘சாக்கெட் சரியான அளவு, ஆனாலும் வீல் நட் அசையவில்லை’ என்று சிலர் கேட்டிருந்தார்கள். 100 நியூட்டன் மீட்டருக்கு 25 செ.மீ. கைப்பிடியில் 40 கிலோ இழுக்க வேண்டும், 50 செ.மீ. பிரேக்கர் பாரில் (ராட்செட் இல்லாத நீளக் கைப்பிடி) 20 போதும். ஜாக்கி ஏற்றும் முன், டயர் தரையில் இருக்கும்போதே ஹேண்ட் பிரேக் போட்டு நட்டைத் தளர்த்திவிடுங்கள். அலாய் வீல்காரர்களுக்கு இன்னொன்று: கறுப்பு இம்பாக்ட் சாக்கெட்டின் (மெஷின் அடியைத் தாங்கச் செய்தது) சுவர் தடிமன், சில வீல்களின் நட் குழிக்குள் இறங்காது. மெல்லிய சுவர் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.