ஸ்போர்ட்ஸ் காரில் இலங்கையைச் சுற்றுவது எப்படி? கொழும்பிலிருந்து முதன்முறை புறப்படுகிறவர்களுக்கு

ஸ்போர்ட்ஸ் காரில் நாடு சுற்றப் போகிறேன் என்று வெள்ளவத்தையில் யாரிடம் சொன்னாலும், "எவ்வளவு ஸ்பீட் போகும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதிவேக நெடுஞ்சாலையில் 100, ஊருக்கு வெளியே 70, ஊருக்குள் 50. சட்டம் விடுவது அவ்வளவுதான், அதற்கு ஒரு பழைய டொயோட்டா விட்ஸே போதும். இந்தப் பயணத்தைத் தீர்மானிப்பது வேறு இரண்டு விஷயங்கள். கார் தரையிலிருந்து எத்தனை சென்றிமீற்றர் உயரத்தில் நிற்கிறது, அன்றைக்கு எத்தனை மணி நேரம் வெளிச்சம் இருக்கிறது. றூட், ஹோட்டல், பெற்றோல் எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

1. முதலில் காருக்குக் கீழே பாருங்கள்

சமதரையில் காரை நிறுத்துங்கள். கூட வரப்போகிறவரை ஏற்றி, பைகளையும் வைத்துவிட்டு, வேறொருவரைக் கொண்டு அளவு நாடாவால் அளப்பியுங்கள். வெறும் காரை அளந்து பயனில்லை, இரண்டு பேரும் சாமானும் ஏறியதும் பின்பக்கம் பதிந்துவிடும். முன் பம்பரின் கீழ் விளிம்பு, எஞ்சினுக்குக் கீழே இருக்கும் தகடு, சைலன்சர் குழாய், இவற்றில் எது மிகத் தாழ்வாக இருக்கிறதோ அதுதான் உங்கள் காரின் உண்மையான உயரம்.

கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் டொயோட்டா 86 மாதிரி ஒரு கார் 13 சென்றிமீற்றர் அளவில் நிற்கும், நிதானமாக ஓட்டினால் போய் வரலாம். ஸ்பிரிங் மாற்றிப் பதித்த கார், அளந்தால் 10 கூட வரவில்லை என்றால், பழைய ஸ்பிரிங்கைத் தேடிப் பூட்டிக்கொண்டு போங்கள். கொழும்புக்குள் காலி வீதியில் அழகாகத் தெரிந்த அதே உயரம் முதல் புகையிரதக் கடவையிலேயே பம்பரைக் கழற்றி வாங்கிவிடும். வவுனியா தாண்டியதும் தண்டவாளமும் யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியும் பல இடங்களில் பக்கத்துப் பக்கமாக ஓடுவதால், ஒரு பக்க வீதிக்குத் திரும்பினாலே கடவை வரும்.

ஒத்திகை பார்க்க வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் இருக்கும் மாடிக் குடியிருப்புகளின் நிலக்கீழ்த் தரிப்பிடங்களை விட நல்ல இடம் இல்லை. அந்தச் சரிவில் நேராக இறங்காமல், காரைச் சற்றுச் சரித்து, ஒரு சில்லு முதலிலும் மற்றது பிறகும் இறங்குவது போல எடுத்துப் பழகுங்கள். வேகத்தடைக்கும் கடவைக்கும் இதே முறைதான். பின்னால் வருகிற ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிப்பார், அடிக்கட்டும்.

2. மாதத்தைத் தெரிவு செய்யுங்கள்

சின்னத் தீவுதான், ஆனால் இரண்டு பருவமழை. ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வடக்கும் கிழக்கும் நனையும். மே முதல் செப்டெம்பர் வரை கொழும்பு, காலி, மேற்கு மலைப்பக்கம் நனையும். பெப்ரவரி, மார்ச் மாதங்கள் முழுச் சுற்றுக்கும் சௌகரியம். ஜூன் தொடக்கம் ஓகஸ்ட் வரையும் போகலாம், ஏனென்றால் தென்மேல் மழை மலைக்கு மேற்கிலேயே பெரும்பாலும் கொட்டித் தீர்ந்துவிடும், பதுளை, எல்ல பக்கம் அப்போது காய்ந்துதான் கிடக்கும். நவம்பரிலும் டிசம்பரிலும் பதிந்த காரோடு கிழக்குக்குப் போக நினைக்கவே வேண்டாம், பஸ் அலட்டிக்கொள்ளாமல் கடக்கிற வெள்ளத்தில் உங்கள் எஞ்சின் தண்ணீர் குடித்துவிடும்.

சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டிய வாரம் வேண்டாம். நல்லூர்த் திருவிழா 25 நாட்கள் நடக்கும் காலத்தில் யாழ்ப்பாணத்தில் அறை எடுப்பதென்றால் நன்றாக முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மலைப்பக்கம் ஏறுவதற்கு முதல் நாள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள், அந்தப் பகுதிக்கு எச்சரிக்கை இருந்தால் போகாதீர்கள்.

3. றூட்: கிலோமீற்றரை விட்டு மணியை எண்ணுங்கள்

இங்கே விடிவதும் 6 மணியளவில், இருட்டுவதும் 6 மணியளவில், வருஷம் முழுக்க ஏறத்தாழ அப்படித்தான். காலை 6-க்குப் புறப்பட்டு பின்னேரம் 4-க்குள் போய்ச் சேரும் மாதிரி ஒவ்வொரு நாளையும் போடுங்கள். சாதாரண வீதியில் மணிக்கு 45 கிலோமீற்றர், மலையில் 25 அல்லது 30 என்று கணக்குப் போட்டால் ஏமாற மாட்டீர்கள். போன் காட்டும் நேரத்தோடு சாப்பாடு, படம் எடுத்தல், பெற்றோல் செட் என்று ஒரு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள்.

முதல் சுற்றுக்கு நான் சொல்லும் றூட் இது, மொத்தம் சுமார் 1,300 கிலோமீற்றர் வரும்.

முதல் நாள் பேலியகொடையில் கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலையில் ஏறி, பிறகு நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாக யாழ்ப்பாணம். 400 கிலோமீற்றரை ஒட்டி வரும், ஒன்பது மணி நேரம் ஒதுக்குங்கள். புத்தளம் பாதை நீளமாகத் தோன்றினாலும் பெரும்பாலும் நேரானது, சமமானது. காருக்கும் உங்களுக்கும் பழக்கம் பிடிபட அதுதான் நல்லது. முறிகண்டியில் எல்லோரும் நிறுத்துகிற மாதிரி நீங்களும் நிறுத்திப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு, அப்படியே நான்கு ரயரையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றை விடச் சூடாக இருந்தால் அதில் காற்று குறைந்திருக்கலாம், அல்லது பிரேக் இறுகிப் பிடித்திருக்கலாம்.

இரண்டாம் நாள் யாழ்ப்பாணத்திலேயே. சங்குப்பிட்டிப் பாலம் வரை போய் வாருங்கள், கடல்நீரேரிக்கு நடுவே ஓடும் அந்த வீதிக்காகவே இந்தக் காரை இவ்வளவு தூரம் கொண்டுவரலாம். பக்கக்காற்று பலமாக அடிக்கும், ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடிக்கும் ஸ்டைல் அங்கே வேண்டாம்.

பிறகு வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை. அங்கிருந்து ஏ15-இல் கரையோரமாக மட்டக்களப்பு. முன்பு பாதைப்படகுக்குக் காத்துக்கிடந்த பாதை இது. 2009-இல் திறந்த 396 மீற்றர் கிண்ணியாப் பாலமும் அடுத்து வந்த பாலங்களும் அதை அரை நாளுக்குள் அடக்கிவிட்டன. மட்டக்களப்பிலிருந்து செங்கலடி, மகா ஓயா, பிபிலை, பதுளை, எல்ல. கடைசியாக வெல்லவாய இறங்கி, அம்பாந்தோட்டைப் பக்கம் தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் ஏறினால் கொழும்புக்குப் பக்கத்துக் கொட்டாவை வரை ஒரே ஓட்டம்.

போன் சொல்லும் குறுக்கு வழிக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள். இருபது நிமிஷம் மிச்சம் என்று காட்டி, குளக்கட்டிலும் கிரவல் றோட்டிலும் கொண்டுபோய் விடும். ஏ எழுத்துள்ள வீதிகளை விட்டு இறங்குவதென்றால், அந்த ஊர் ஆள் ஒருவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

4. கராஜ் வேலை, இரண்டு வாரத்துக்கு முன்

புறப்படுவதற்கு முதல் நாள் மாலை கராஜுக்குப் போவது வேலைக்கு ஆகாது. 2020 மார்ச்சிலிருந்து 2025 வரை தனியார் கார் இறக்குமதி நின்றிருந்ததால், இங்கே ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலானவை வயசான கார்கள்தான். ஒரு பாகம் பழுது என்றால் தேடி எடுக்கவே நாட்கள் போகும்.

இந்தக் கார்களின் நோய் அதிகம் ஓடியதால் வருவதல்ல, ஓடாமல் நின்றதால் வருவது. ரயரின் தடம் புதிது போல இருக்கும், ரப்பர் காய்ந்திருக்கும். ரயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. ஆறு வயதைத் தாண்டியிருந்தால், தடம் எவ்வளவு இருந்தாலும், ஏ9 வெயிலில் அதை நம்பி ஓடாதீர்கள். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். எல்ல, வெல்லவாய இறக்கத்தில் அந்த ஈரம் கொதித்து ஆவியானால் பெடல் அப்படியே தரைக்குப் போகும். கூலன்ட், ரேடியேட்டர் பேன், பற்றரி, பெல்ட் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் கட்டுநாயக்க வரை ஒருமுறை ஓடிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து கீழே எண்ணெய் ஒழுகியிருக்கிறதா என்று பாருங்கள்.

மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற சில கார்களில் மேலதிகச் சில்லே வராது, ஒட்டும் திரவமும் சின்னக் காற்றுப் பம்பும்தான் இருக்கும். ஆணி குத்தினால் அது போதும், குழியில் விழுந்து பக்கச்சுவர் கிழிந்தால் ஒன்றுக்கும் உதவாது. சிறு ஊர் ரயர் கடைகளில் லொறிக்கும் வேனுக்கும் ஓட்டோவுக்கும் ரயர் இருக்கும், உங்கள் 17 அங்குல மெல்லிய ரயர் பெரும்பாலும் இருக்காது. அதனால் அதே அளவில் ஒரு ரயரைக் கொழும்பில் நண்பரிடம் கொடுத்து வையுங்கள். தேவைப்பட்டால் வெள்ளவத்தையிலிருந்து இரவில் புறப்படும் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏற்றிவிடுவார், விடிய வந்துவிடும்.

5. பெற்றோல்

பெற்றோல் மூடியின் உட்பக்கத்தைப் பாருங்கள். 95 ஒக்டேன் பெற்றோல் கேட்கும் காரா, 92 போதுமா என்று அங்கே இருக்கும். டேர்போ உள்ளவையும் அழுத்தம் கூடிய எஞ்சின்களும் பொதுவாக 95 கேட்கும், ஆனால் எல்லாச் செட்டிலும் 95 கிடைக்காது. அதனால் அரைத் தாங்கி என்பதே உங்களுக்குக் காலி என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரிய ஊரில் 95 கண்டால் நிரப்புங்கள். 45 லீற்றர் தாங்கி, லீற்றருக்கு 12 கிலோமீற்றர் என்றால் முழுத் தாங்கிக்கு 540 போகும், அரைத் தாங்கிக்கு 270. முழுச் சுற்றுக்கும் 110 லீற்றர் அளவில் வேண்டும், மலைக்காகக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். வழியில்லாமல் 92 அடிக்க நேர்ந்தால், அது தீரும் வரை எஞ்சினை வருத்தாமல் ஓட்டுங்கள், ஏற்றத்தில் பெரிய கியரில் வைத்து மிதிக்காதீர்கள், தட்டும் சத்தம் கேட்டால் உடனே காலை எடுங்கள்.

6. தங்குமிடம்: வாசலைக் கேளுங்கள்

அறையில் ஏசி இருக்கிறதா என்பதற்கு முன் வாசலைப் பற்றிக் கேட்க வேண்டும். கேட்டால் உரையாடல் இப்படித்தான் போகும்:

"அண்ணை, எங்கட கார் நல்லாப் பதிஞ்சது. உங்கட கேற்றடியில ஏத்தம் ஏதும் இருக்கோ?"

"ஒரு பிரச்சினையும் இல்லைத் தம்பி, இங்க வேனே வருது."

வேன் வருவதில் நமக்கு ஒரு லாபமும் இல்லை. வேன் ஏறுகிற படியில்தான் நம் கார் மாட்டும். வீதியிலிருந்து வாசல் வரை ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். எல்லவில் இது மிக முக்கியம், அங்கே பல விடுதிகள் செங்குத்தான கொங்கிறீற்றுச் சரிவின் உச்சியில் இருக்கின்றன. மெயின் றோட்டிலேயே பாதுகாப்பாக நிறுத்த இடமுள்ள விடுதி கிடைத்தால் காட்சி கொஞ்சம் குறைந்தாலும் அதையே எடுங்கள்.

7. பையும் பத்திரங்களும்

எம்எக்ஸ்-5 இன் பின்பெட்டி 130 லீற்றர்தான். கடினமான சூட்கேஸ் வேண்டாம், துணிப்பைகள் எந்த மூலையிலும் நுழையும். சாரதி அனுமதிப்பத்திரம், வருவாய் அனுமதிப்பத்திரம், காப்புறுதி, இரவல் கார் என்றால் உரிமையாளரின் கடிதம், இவை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சைலன்சர் சத்தமான கார் என்றால் சத்தம் குறைந்ததை மாட்டிக்கொண்டு போவது மேல், பொலிஸ் நிறுத்தினால் நேரம் போகும், இரவு ஊருக்குள் வந்தால் ஆட்களின் நித்திரையும் போகும்.

காப்புறுதிக் கம்பெனிக்கு இப்போதே அழைத்து, வன்னியில் நின்றுபோனால் காரை முழுதாக மேலே ஏற்றும் கெரியர் வருமா, எவ்வளவு தூரம் இலவசம் என்று கேளுங்கள். இழுவைக் கொக்கி உபகரணப் பையில் இருக்கிறதா, பம்பரில் அதைத் திருகும் துளை எது என்று வீட்டிலேயே பார்த்து வையுங்கள். தெரியாவிட்டால், உதவிக்கு வருகிறவர் நல்ல மனதோடு கயிற்றை சஸ்பென்சனில் கட்டிவிடுவார். பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990.

ஓடும்போது

பஸ், லொறிச் சாரதிகளுக்கு உங்கள் கார் கண்ணாடியில் தெரியாது, பகலிலும் லைட்டைப் போட்டு ஓடுங்கள். இரவில் வன்னி வீதிகளில் மாடுகள் சூடான தாரில் படுத்திருக்கும். ஹொரவப்பொத்தானைப் பக்கம், மகா ஓயாப் பக்கம் பின்னேரத்தில் யானை இறங்கும். யானையைக் கண்டால் தூரத்திலேயே நிற்க வேண்டும், ஹோர்ன் வேண்டாம், முன்னால் நிற்கும் வாகனத்தை முந்திப் போய்ப் படம் எடுக்கவும் வேண்டாம். பதிந்த காரில் இருக்கும்போது யானையின் முழங்கால்தான் உங்கள் கண்மட்டம்.

மலையில் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்தபடியே இறங்காமல், இரண்டாம் கியரில் எஞ்சின் பிடித்துக்கொள்ள விட்டு, வளைவுக்கு முன் ஒருமுறை அழுத்தி விடுங்கள். எரிந்த மணம் வந்தால் ஓரமாக நிறுத்தி அரை மணி ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்றக்கூடாது, சூடான தட்டு வளைந்துவிடும். ஏறி வரும் வாகனத்துக்கு வழி விடுவதுதான் மலை வழக்கம். ஊசி வளைவில் பஸ் முழு வீதியையும் எடுக்கும், அதனோடு போட்டி போடாமல் முன்கூட்டியே நின்றுவிடுங்கள்.

தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் ஏறியதும் கால் தானாக அழுத்தும். 100-ஐத் தாண்டாதீர்கள், மழை என்றால் 60-க்கு இறங்குங்கள், அகலமான ரயர் தேங்கிய தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும். வெலிப்பென்னையில் நிறுத்தி ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, கொட்டாவையில் வேலைவிட்ட கூட்டத்துக்குள் மாட்டாதபடி மூன்று மணிக்கு முன் வெளியே வரப் பாருங்கள். அடுத்த நாளே காரை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், யாழ்ப்பாணத்துக் கடல் உப்பு அங்கே ஒட்டியிருக்கும். அப்போதே கீழ்த்தகட்டின் ஆணிகள் எல்லாம் இருக்கின்றனவா என்றும் எண்ணிப் பார்த்துவிடுங்கள்.